நான்கெல்லை

பத்திரத்தில் இப்படித்தான் இருக்கிறது:
மனை எண் முப்பத்தொன்றுக்குத் தெற்கே
இருபத்துமூன்றடி மண் ரோடு,
கிழக்கே பிரிட்டோ சார் வாங்கிப்போட்ட காலிமனை,
மேற்கே பொது உபயோகத்துக்கு விட்ட இடம்
(யாருடையதோ மூன்று லோடு ஜல்லி அதில் கிடக்கிறது),
வடக்கே பூங்கா.

பூங்கா என்று எழுதியவர் பத்திர எழுத்தர் கலந்தர்.
வனத்துறைப் பலகையில் பெயர் நீளம்,
கட்டத்துக்குள் வராது என்றார்.
அப்படித்தான் அந்த அலையாத்திக் காடு,
அதன் சேறு, சேற்றில் வளை தோண்டும் நண்டு,
ஐப்பசியில் வந்து பங்குனியில் காணாமல்போகும் உள்ளான்கள்
எல்லாம் மூன்றெழுத்துக்குள் அடங்கின.

ஆறு ஐம்பதுக்கு எனக்கு ரயில்.
பரமக்குடியில் கருவூல வேலை.
நான் வந்த வருஷம் உச்சிப்புளியில் ஏறியவர்கள் பதினோரு பேர்,
எண்ணியிருக்கிறேன்.
இப்போது கதவோரம் நிற்க இடம் கிடைத்தால் போதும்.
பேச்செல்லாம் தண்ணீர்.
நூற்றிருபது அடியில் உப்பு,
இருநூறு அடி போனால்
அதைவிட நல்ல உப்பு.
சிரித்துக்கொண்டே வாலாந்தரவை வந்துவிடும்.
பூங்காவுக்குள் போயிருக்கிறீர்களா என்று
ஒருநாள் யாரோ கேட்டதற்கு
ஞாயிற்றுக்கிழமை படகுக்கு வரிசை நீளம் என்றேன்.
உண்மையில் நான் போனதில்லை.

கார்த்திகைப் பௌர்ணமியன்று வாடை பலமாக அடித்தது.
விடியுமுன் கொத்தனார் சாத்தையா போன் போட்டார்:
"வானத்துல மீனு கெடக்குத்தா."

எங்கள் பக்கம் அஸ்திவாரக் குழிக்கு வானம் என்று பெயர்.
மூன்றடி அகலம், நாலடி ஆழம்,
ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை,
பூஜை அலமாரிக்கு ஒரு மூலை.
போய்ப் பார்த்தேன்.
என் வீட்டின் படம் முழுக்கத் தண்ணீரால் வரைந்திருந்தது.
சமையலறையில் மடவைக் குஞ்சுகள்
வாசல் தேடிச் சுற்றின.
படுக்கையறை ஓரத்தில் ஒரு நெடுங்கால் உள்ளான்,
கட்டிவைத்த கம்பியைவிட மெல்லிய சிவப்புக் காலில் நின்று
என்னை ஏறிட்டுப் பார்த்தது,
முன் அனுமதி இல்லாமல் வந்தவளை
அலுவலகத்தில் நான் பார்ப்பதுபோல.

மூலையில் இரண்டு கல்.
வெள்ளை அடித்தது மனைக்கல்,
மஞ்சள் அடித்தது காட்டுக்கல்.
நடுவில் மூன்றடி யாருக்கும் இல்லை.
தண்ணீர் இரண்டையும் முழங்கால்வரை மூடியிருந்தது.

காவலர் நம்புராஜன் டார்ச்சோடு வந்தார்.
ஏசுவார் என்று காத்திருந்தேன்.
அவர் ஜல்லிக் குவியலில் ஏறி நின்று
மேற்கே பார்த்தார், வெகுநேரம்.
"நாப்பத்துநாலுல ஏறியிருக்காது, மேடுதான்"
என்றார், பாதி தனக்குள்.
நாற்பத்துநாலு அவருடையது.
மாதத் தவணை, இன்னும் இருபத்தாறு மாதம்.

பிறகு மூன்று பேரும்
சித்தாள்களின் தட்டுச்சட்டியால் மொண்டோம்.
குஞ்சுகளை மஞ்சள் கல்லுக்கு அந்தப் பக்கம் கொட்டினோம்.
தண்ணீர் கலங்கி, எது போனது எது நின்றது தெரியவில்லை.
உள்ளான் மட்டும் தானாக எழுந்து போனது,
அரையடி உயரத்தில், அவசரமில்லாமல்.

வில்லங்கச் சான்று என்னிடம் இருக்கிறது.
முப்பது வருஷம் தேடிப் பார்த்து
ஒன்றுமில்லை என்று முத்திரை வைத்தது.
பௌர்ணமிகளைத் தேடினார்களா
என்று கேட்கத் தோன்றவில்லை அப்போது.

அன்றைக்கும் ரயிலைப் பிடித்துவிட்டேன்.
சேலை ஓரத்தில் சேறு. பக்கத்துப் பெண் மூக்கை நகர்த்தி
"மீன் வாங்கினீங்களா?" என்றாள்.
இல்லை, கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்.
அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

நாலாம் நாள் அதே ரயிலில் இருக்கும்போது சாத்தையா:
"வானம் வத்திருச்சு. வியாழக்கிழம
கான்கிரீட் போட்ருவமா?"

சத்திரக்குடி தாண்டும்வரை சிக்னல் விட்டுவிட்டு வந்தது,
அல்லது அப்படிச் சொல்லிக்கொண்டேன்.
பிறகு கூப்பிட்டு, போடச் சொன்னேன்.
ஒரு அடி உயர்த்தி.