பண்டில் சீட்டு

பதினொன்றா பன்னிரண்டா, இதுதான் வழக்கு.

ஆடியில் தொடங்கிய கபடித் தொடர்,
எட்டு அணி, வாரம் மூன்று ராத்திரி,
ஊத்துக்குளிப் பிரிவுக்குப் பக்கத்தில்
மேட் விரித்து லைட் கட்டி.
எங்கள் பனியன் கம்பெனியில் பாதி நொய்யல் அணி,
மீதி சென்னிமலை.
செக்கிங் மேசைக்கு இப்பக்கம் அப்பக்கம் என்று
ஆள் மாறி உட்கார்ந்ததில்
எவர் எந்த லைன் என்பது
சூப்பர்வைசருக்கே மறந்துபோனது.

ஓவர்லாக் மிசினை நிறுத்தாமலே
வேலாத்தா கேட்பாள்:
"ஏனுங், இந்த நல்லசிவம் பாடப் போறானா
கோட்டைத் தொட்டுக் கும்புடப் போறானா?
போனசுக்கு நாம தீவாளி வரைக்கும் காத்துக் கெடக்கறோம்,
அவன் ஒத்தக் காலத் தூக்கியே
வாங்கிட்டு வந்தர்றான்."

நல்லசிவம் போன வருசம் வரை நொய்யல்.
முப்பதாயிரம் சேத்திக் கொடுத்ததும்
சென்னிமலை பனியனை மாட்டிக்கொண்டான்.
"சோறு போட்ட டீமுக்குத் துரோகம்" என்றான் கட்டிங் யுவனேசு.
"நீயி? பீசுக்கு இருவது காசு எச்சுன்னதீம்
ராவோட ராவா டிபன் பாக்சைத் தூக்கிட்டு
பாண்டியன் நகர் போனவன்தான?"
கத்தரி சித்தநேரம் ஓடவில்லை.

அயர்ன் மேசைத் திபாகர்
பலாங்கீர்க்காரன்,
வந்து ஏழு மாசம்,
தமிழில் அவன் முதலில் சொன்ன முழு வாக்கியம்
"அது அவுட்டில்லீங்."
அதற்கப்புறம்தான் சோறு, தண்ணி, லீவு எல்லாம்.
கார்னரில் நிற்கும் கந்தவேலுவின்
கணுக்கால் பிடியை
நீராவிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு
மேசைக்காலைப் பிடித்துக் காட்டுவான்.
மேசை நகரும். அவன் விடமாட்டான்.

எந்தப் பக்கமும் உட்காராததால்
கணக்கு என்னிடம் வந்தது.
நான் பண்டிலுக்கு நம்பர் போடுகிறவள்.
சீட்டின் முன்னால்: அளவு எம், சாம்பல் நிறம், நாற்பது பீஸ்.
பின்னால்: நல்லசிவம், ரைடு, பாயிண்ட்.

பெருந்துறையோடு நடந்த ஆட்டம்.
கடைசி ரைடு, கடைசி மூச்சு,
மூணு பேர் அவன் முதுகில்.
விரல் நடுக்கோட்டைத் தொட்டதும்
விசில் ஊதினதும்
கரண்ட் போனதும்
ஒண்ணாக நடந்தது.
ஜெனரேட்டர் வந்தபோது
போர்டில் பூச்சியம் பூச்சியம் மின்னியது.
சென்னிமலை ஜெயித்ததாக ரெப்ரி கையைத் தூக்கினார்,
அதில் தகராறில்லை.
அவன் எடுத்தது பதினொன்றா பன்னிரண்டா?
பன்னிரண்டென்றால்
அந்தத் தொடரிலேயே அவன்தான் அதிகம்.
யுவனேசு ஒரு மாசச் சம்பளம் வரைக்கும் பந்தயம் பேசினான்,
அப்புறம் ஒரு பப்சுக்கு இறங்கினான்.

"சீட்டை எடு புள்ள" என்றார்கள் மறுநாள்.

சூப்பர்வைசர் வருகிற சத்தத்தில்
கைக்குக் கிட்டிய ஹூடியின் பைக்குள்
அதைச் சொருகியது நான்தான்.
மதியத்துக்குள் ஐயாயிரம் ஹூடியும் மடித்து,
பாலித்தீன் போட்டு, பெட்டி ஒட்டி,
லாரி தூத்துக்குடி ரோட்டில்.

இப்போது அது ரோட்டர்டாமில் இருக்கும்.
குளிருக்குக் கையைப் பைக்குள் விட்ட எவனோ
எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பான்,
விலைச்சீட்டு என்று நினைத்திருப்பான்.
அவனிடம் இருக்கிறது எங்கள் தீர்ப்பு.

எழுதினவளுக்குத் தெரியாதா என்கிறார்கள்.
எழுதினேன்.
இருட்டில், செல்போன் வெளிச்சத்தில்,
காதோரம் வேலாத்தா "பன்னெண்டு பன்னெண்டு" என்று கத்த.
நான் எழுதியது கண்டதையா கேட்டதையா,
அதை யாரிடமும் சொல்லவில்லை.

தொடர் முடிந்தது.
கோப்பையைப் பவானிக்காரர்கள் கொண்டுபோனார்கள்,
அவர்களைப் பற்றி எங்கள் கம்பெனியில்
ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசினதில்லை.

அதே பையர், அடுத்த ஆர்டர்,
அதே சாம்பல், அதே பை.
வேலாத்தா தைத்து முடித்த ஒவ்வொன்றிலும்
கையை விட்டுத் துழாவிப் பார்த்துத்தான்
அடுத்ததை எடுக்கிறாள்.