குழந்தைகளைக் கூட்டிட்டு வரலாமா

டிக்கெட் கிழிக்கிறவனிடம்தான் கேட்கிறார்கள்:
‘சின்னப் பசங்க இருக்காங்க, பார்க்கலாம் இல்ல?’
சான்றிதழில் ‘யு’ போட்டிருக்கிறது.
போஸ்டரில் ஒரு குடும்பம், நடுவில் ஒரு கழுதை.
எல்லார் பல்லும் தெரிகிறது, கழுதையுடையதும்.
பார்க்கலாம் என்கிறேன்.
பாதியைக் கிழித்து, பாதியைக் கையில் வைக்கிறேன்.

கிருஷ்ணகிரியில் இது இரண்டாவது வாரம்.
இடைவேளை முடிந்த நாற்பதாவது நிமிடம்
செங்கல் சூளை ஓரம் கழுதை கால் மடக்கும்.
முப்பத்தெட்டிலேயே
பக்கக் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிடுவேன்.
விம்முகிற பிள்ளையைத் தோளில் போட்டபடி
ஒவ்வொருவராக வருவார்கள்
பாப்கார்ன் மெஷின் வெளிச்சத்துக்கு.
‘இதைப் போய் குடும்பப் படம்னு போட்டிருக்கீங்களே’ என்பார்கள்,
நான்தான் அதைக் கொன்றவன் மாதிரி.

ஒருத்தி மட்டும், பர்கூர் ஜவுளிப் பையோடு வந்தவள்,
‘அழட்டும்ண்ணா. செல்லைப் பிடுங்கினா அழுற அழுகைக்கு
இது எவ்வளவோ தேவலை’ என்றாள்.

வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தை முடிந்து
ஆட்டு வியாபாரி ஒருவர், மகளோடு.
துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறவர்
அதே துண்டில் முகம் பொத்தி அழுதார்.
மகள் அழவில்லை. திரும்பிக் கேட்டாள்:
‘இன்னிக்கு எத்தனை வித்தே?’
அவர் சொன்ன எண்ணிக்கை
பின்வரிசைக்காரன் மூக்குச் சிந்தியதில் கேட்காமல் போனது.

என் மகனை மட்டும் நான் கூட்டி வரவில்லை.
சித்தேஷுக்கு எட்டு வயசு.
காசா பணமா, ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
‘ஏம்ப்பா?’
பரீட்சை என்றேன்.
பரீட்சை முடிந்தது. சீட்டு இல்லை என்றேன்.
ஊரார் பிள்ளையை உள்ளே அனுப்பினால்
தன் பிள்ளை வீட்டிலேயே இருக்குமாம்.

தை மாசம் வரைக்கும் எங்கள் வீட்டில் ராகி இருந்தது.
களி நிறம், அதனால் அவன் வைத்த பேர்.
ஒரு விடியற்காலை நாலுவழிச் சாலையில்
தக்காளி லாரியோ, என்ன லாரியோ.
அவன் எழுவதற்குள் சாக்கில் சுற்றி
ஏரிக்கரை வேலிக்காத்தான் ஓரம்
நானும் ருக்குவும் வேலையை முடித்தோம்.
மண்வெட்டியைக்கூடக் கழுவி வைத்தோம்.

ஓசூரிலிருந்து ஒரு மாமா வந்தாரு, என்றேன்,
ரோஜாத் தோட்டத்துக்குக் காவல் வேணுமாம்,
ராகிக்கு வேலை கிடைச்சிடுச்சு.
அவன் கொஞ்சம் யோசித்தான்.
‘முள்ளு குத்தாதா?’
செருப்பு தருவாங்களாம், என்றாள் ருக்கு, நாலு.
அப்புறம் மாசம் ஒரு தடவை கேட்பான்:
லீவு விடமாட்டாங்களா?
தோட்டத்துக்கு நாங்கள் புதுப்புதுச் செடி நட்டோம்.

வியாழன், கடைசிக் காட்சி. நாளை வேறு படம்.
கூட்டி வந்துவிட்டேன். ஏனென்று கேட்டால் தெரியாது.
முப்பத்தெட்டில் தாழ்ப்பாளை எடுத்தேன்.
திரைக்கு முதுகு காட்டி அவனைப் பார்த்து நின்றேன்.
கழுதை மடங்கியது சத்தத்தில் தெரிந்தது.
முறுக்கு கடிப்பதை நிறுத்தினான்.
யாரோ ஒரு குழந்தை வீறிட்டு
என்னைத் தாண்டி வெளியே போனது.
கொஞ்ச நேரம் கழித்து
மீதி முறுக்கைக் கடித்தான்.
அவ்வளவுதான்.

திரும்பும்போது வண்டியில் பேச்சே இல்லை.
என் பெல்ட்டில் இரண்டு விரல் மாட்டியிருந்தான்.
தூங்கிவிட்டானோ என்று ஒரு கையால் தொட்டுப் பார்த்தேன்.
காவேரிப்பட்டணம் வருவதற்குச் சற்று முன்னால்,
விளக்கு எரியாத கம்பம் இருக்கிற இடத்தில்,
முதுகோடு வாய் வைத்துச் சொன்னான்:
‘இங்க மெதுவா போப்பா.’

மெதுவாகப் போனேன்.
பின்னால் வந்த லாரி
ஹாரன் மேல் ஹாரன்.
அடிக்கட்டும்.