விரலுக்கு அஞ்சு லட்சம்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் கொப்பரைக் களத்தில்
சாக்குகளுக்கு நடுவே
இரண்டே பேர் உட்காரும் சிவப்பு வண்டி ஒன்று
ஐந்து வருடமாக நிற்கிறது.
புதுச்சேரி நம்பர், பாலக்காட்டு மழை,
பணம் ஷார்ஜாவினுடையது.

"ஓட்டாதே ஜெசிந்தா, ஓட்ட ஓட்டக் குறையும்.
சும்மா விட்டால் ஏறும்" என்றான் பெலிக்ஸ்.
தொடாமல் இருப்பதே வேலையாகும் சொத்தை
தம்பி மூலம்தான் தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை போன் வரும்:
என்ன விலை போகுது?
கொப்பரை விலை எழுதும் நோட்டையே திருப்பி
கடைசிப் பக்கத்திலிருந்து எழுதினேன்.
முன்னிருந்து கொப்பரை, பின்னிருந்து வண்டி.
நடுவில் எங்கோ இரண்டும் முட்டிக்கொள்ளும்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து
பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பேன்,
பேட்டரி சாகாமலிருக்க.
கூரைப் புறாக்கள் ஒரே மூச்சில் எழும்.
ஓரடி நகராமல் அது குடித்த பெட்ரோலுக்கு
தனி வரி போட்டேன் நோட்டில்.

திருச்சூரிலிருந்து ஒருவர் வந்தார்.
"இனி எல்லாம் கரண்ட் வண்டி.
பெட்ரோலை யார் சீந்துவார்?
இறங்கத்தான் செய்யும். இப்போதே கொடுத்துவிடுங்கள்."

பொள்ளாச்சியிலிருந்து ஒரு மில் முதலாளியின் மகன்.
"இனி எல்லாம் கரண்ட் வண்டி.
இந்தச் சத்தம் வேறெங்கே கிடைக்கும்?
ஏறத்தான் செய்யும். ஆனால் இன்றைக்கு இவ்வளவுதான்."

காரணம் ஒன்றுதான்.
தொகையும் ஒன்றாகவே இருந்தது.

மூன்றாம் வருடம் எலி வயரைக் கடித்தது.
கோவை மெக்கானிக் வந்துபோன செலவில்
ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம்.
நாலாம் வருடம் விலை ஏறியது,
தேங்காய்க்கு.
களத்தில் இடமில்லாமல் அறுபது மூட்டையை
வேலந்தாவளத்தில் வாடகைக்கு வைத்தேன்.
வண்டி படுத்திருந்த அந்தக் காய்ந்த தரைக்கு மட்டும்
ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
பெலிக்ஸிடம் சொல்லவில்லை.

இந்த மாதம் அவனே சொன்னான்:
"கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள். வித்துரு."
ஏறியதா இறங்கியதா என்று
முதல் முறையாகக் கேட்கவில்லை.

மீரான் வந்தான். ராவுத்தர் வீட்டுப் பையன்,
முப்பதைத் தாண்டவில்லை.
செவ்வாய்க்கிழமை மாட்டுத் தரகு,
மற்ற நாளில் எது கிடைக்கிறதோ அது.
சுற்றி வந்தான்.
சுழி பார்ப்பவன்போல பானட்டைத் தடவினான்.
மீட்டரில் பதினெட்டாயிரத்துச் சில்லறை.
"பல்லைப் பிடிச்சாத்தான் வயசு தெரியும் அம்மிணி,
இது வாயைத் திறக்காது."
கதவை மெல்லச் சாத்தினான்.
"வாங்குறவன் மட்டும் உழவுக்கா வாங்கப்போறான்?
அவனும் கட்டித்தான் போடுவான்."

தோளிலிருந்து துண்டை எடுத்தான்.
எடுத்த பிறகுதான் யோசித்தான்,
பொம்பளை கையை எப்படிப் பிடிப்பதென்று.
தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த நாலு பேரும்
அரிவாளோடு நிமிர்ந்தார்கள்.
"விரலுக்கு அஞ்சு லட்சம்னு வைங்க,"
என்றான், தரையைப் பார்த்து.

கையை நீட்டினேன். துண்டு மேலே விழுந்தது.
சுண்டுவிரலில் தொடங்கி
மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தான்.
நாலாவதில் ஒரு கணுவை மட்டும் அழுத்தினான்.
அவன் உள்ளங்கை வியர்த்திருந்தது.

பெலிக்ஸ் வாங்கியது ஏழு விரலுக்கு.
ஏழைச் சொல்ல
ஒரு கை போதாது.

துண்டுக்கு உள்ளே நடப்பது
முகத்தில் தெரியக்கூடாதாம், சந்தை முறை அது.
அந்தோணியார் படத்தைப் பார்ப்பதுபோல
முகத்தை வைத்துக்கொண்டு
அவன் கையைத் திருப்பிப் பிடித்தேன்,
நாலு விரல், முழுசாக.
அவன் ஒன்றை உருவப் பார்த்தான்.
நான் விடவில்லை.

உள்ளே போன் அடித்தது.
வெள்ளிக்கிழமை.