ஒரு முழம் கொழுப்பு

ஓசூரில் மார்கழி வந்தால்
தேங்காயெண்ணெய்ப் பாட்டில்கூட
மொட்டைமாடி வெயிலுக்குப் போய் உட்கார்ந்துவிடும்.
அந்தக் குளிரில்தான்
என் சிங்க் வாயை மூடிக்கொண்டது.

பாகலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி
நான்கு வீடு, நான்கு அடுப்படி,
எல்லாம் இறங்கிவர ஒரே குழாய்.
நான் தரைத்தளம்.
மேலே யார் கை கழுவினாலும்
சுவருக்குள் எனக்குக் கேட்கும்.
நாகரத்னம்மா வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு
திங்கள் காலை
என் பாத்திரங்களுக்கு நடுவே
சிவப்பாக எழும்பி எட்டிப் பார்த்தது,
கூடவே ஒரு கறிவேப்பிலை.

சோடா உப்பைக் கொட்டினேன்.
கடைக்காரர் கொடுத்த நீலப் பாக்கெட்டைக் கொட்டினேன்;
மூக்கு எரிந்ததுதான் மிச்சம்.
அப்புறம் வாயைத் திறந்தேன்.
படிக்கட்டில் நின்று
மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி
"கொழுப்பெடுத்தவங்க" என்றேன்.
அன்றைக்கு அந்த வார்த்தைக்கு
இரண்டு பொருளும் கச்சிதமாக இருந்தன.

ஒடிசாப் பையன்களுக்குத் தமிழ் பாதிதான், சிரித்தார்கள்.
நாகரத்னம்மா கன்னடத்தில் ஏதோ சொல்லிக்
கதவைச் சாத்தினார்.
வீட்டுக்காரர் முனிராஜு
"ஆளுக்குப் பங்கு போட்டுக்குங்க" என்று
வண்டியை உதைத்துக் கிளம்பினார்.

எல்லப்பா வந்தார்.
பின்பக்கம் குந்தி
குழாயையே ஆக்ஸா பிளேடால் அறுத்து
குச்சியால் தள்ளினார்.
வந்தது ஒரு முழம்.
குழாயை அச்சாக்கி வார்த்த மெழுகுவர்த்தி.
திரி இருக்கவேண்டிய இடத்தில்
நூலளவு ஓட்டை;
நாலு குடும்பமும் இத்தனை நாள்
அந்த நூல் வழியாகத்தான்
கழுவிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பேப்பரில் வைத்துக் குறுக்கே வெட்டினார்.
உள்ளே வெள்ளையாய் ஆட்டுக் கொழுப்பு.
அதைச் சுற்றி மிளகாய்ச் சிவப்பு.
அதையும் சுற்றி,
குழாய்ச் சுவரை முதன்முதலாகப் பற்றியது
ஒரு பழுப்பு வளையம்.
அதில் ஏழெட்டு எள்.

தீபாவளிக்கு இந்தக் கட்டடத்தில்
முறுக்கு சுட்டவள் நான் ஒருத்திதான்.
தட்டுத் தட்டாக
எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன்.
மிஞ்சிய எண்ணெயை சிங்க்கில் சாய்த்து
மேலே ஒரு சொம்பு கொதிநீர் ஊற்றினேன்.
கரைந்துவிடும் என்று நம்பினேன்.
கரையத்தான் கரைந்தது,
என் கண் போகாத இடம்வரைக்கும்.
அங்கே ஆறி, உறைந்து, இடம் பிடித்து
மற்றவர் கொழுப்புக்கெல்லாம்
கை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

வாய்க்கொழுப்பு சீலையில் வடியும் என்பார்கள்.
என்னுடையது குழாயில் வடிந்திருந்தது.

எல்லப்பா கேட்டது ஆயிரத்து அறுநூறு.
ஆளுக்கு நானூறு.
நாகரத்னம்மா பத்தும் ஐம்பதுமாக எண்ணிக் கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.
எள்ளைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இப்போது தினமும் காலையில்
காலண்டரில் நேற்றைக் கிழிக்கிறேன்.
ராகு காலம், எமகண்டம்,
மேஷத்துக்குச் செலவு, விருச்சிகத்துக்கு ஜெயம்
எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டி
வாணலியை வழித்துத் துடைத்துக்
குப்பையில் போட்டபின்தான் தண்ணீர்.
கறிச்சட்டிக்கு இரண்டு நாள் வேண்டும்;
அப்போது நாளையிடம் கடன்.
பொரித்த எண்ணெய் ஆறும்வரை காத்திருந்து
பழைய பால் பாக்கெட்டில் ஊற்றி முடிச்சுப் போடுகிறேன்.
சிங்க் வாயில் ஒரு ரூபாய் அகலச் சல்லடை.
இதெல்லாம் யாருக்கும் தெரியாது.
தெரிந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

நேற்று மாடிக் கைப்பிடியில் சாய்ந்து
நாகரத்னம்மா கேட்டார்,
அடுத்த தீபாவளிக்கும்
அந்த எள்...
கொஞ்சம் நிறுத்தினார்.
எள் முறுக்கு உண்டா?

உண்டு என்றேன்.
மேலே குழாயைத் திறந்தார்.
சுவருக்குள் தண்ணீர்
தடையில்லாமல்
என்னைக் கடந்து போனது.