இரண்டாவது முகடு

அரக்கை உடைத்தபோது மணி பத்தரை.
சாம்பல் மூடிக் குப்பி, உள்ளே மூன்று மில்லி.
கடிதத்தில் பெயர் உள்ள வரியை மடித்துவிடுவேன், வழக்கம்.
மற்றது கண்ணில் படத்தான் செய்யும்:
ஏற்காடு மலைப்பாதை, பதினான்காம் வளைவு,
பந்தல் சாமான் ஏற்றிய டெம்போ,
ஆண், வயது இருபத்துமூன்று,
தொடைச் சிரை ரத்தம்.
உயிரோடு இருப்பவர்களுக்குக் கையில்தான் எடுப்பார்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு நிறுக்கிறவர்கள்
மின்விசிறியை அணைத்துவிட்டு நிறுப்பார்கள்.
நான் தேடுவது
அந்தத் தராசுக்குத் தூசியாகக்கூடத் தெரியாது.
ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கு வைத்து
இதில் எத்தனை பங்கு என்று எண்ணுகிற வேலை.

முதலில் அதன் இரட்டையை உள்ளே விடுகிறேன்.
அதே மூலக்கூறு, மூன்று ஹைட்ரஜன் மட்டும் கனத்தவை.
வழியில் எவ்வளவு தொலைந்தாலும்
இரண்டும் சேர்ந்தே தொலையும்.
பிறகு புரதத்தைத் திரித்து, சுழற்றி,
தெளிந்ததை எடுத்துக் கருவிக்குக் கொடுக்கிறேன்.

அங்கே எதுவும் முழுதாக மிஞ்சாது.
நூற்று எழுபத்தெட்டு உடைந்து நூற்று அறுபது,
நூற்று நாற்பத்தைந்து.
எப்படி உடைகிறதோ அதுதான் அதன் பெயர்.
திரையில் ஒரு முகடு எழுந்தது,
சன்னலுக்கு வெளியே கிடக்கும் சேர்வராயன் போலல்ல,
ஊசி போல.

முப்பத்தெட்டு நானோகிராம்.
அப்ரோஸ் எட்டிப் பார்த்தார்.
"நாப்பத்தோரு நாள் ஆச்சே மேடம்.
நடுவுல ரெண்டு தடவ கரண்டு வேற போச்சு."
குப்பிக்குள்ளேயே குறைந்துகொண்டு வரும் சரக்கு இது.
அன்றிரவு எவ்வளவு என்று கேட்டால்
இதைவிட அதிகம் என்பேன்.
எவ்வளவு அதிகம் என்பார் வக்கீல்.
அதற்கு என்னிடம் எண் இல்லை.

கேட்காததையும் ஒருமுறை பார்த்துவிடுவேன்.
முழு வீச்சில் ஓடவிட்டேன்.
முதலாவதைக் குட்டையாக்கிக்கொண்டு இன்னொரு முகடு.
நூற்றுத் தொண்ணூற்றைந்து, உடைந்தால் நூற்று முப்பத்தெட்டு.
தேடவே வேண்டாம்.
டீ.

ஒன்றல்ல, ஐந்தாறு இருக்கும்.
மூன்றாம் நாள் முகூர்த்தமும் முடிந்து
பந்தலைப் பிரித்து, கம்பிகளை ஏற்றி,
ஒண்டிக்கடைப் பக்கம் நின்று நின்று குடித்திருப்பான்.
முதலில் டீயைத்தான் நம்பியிருப்பான்.
இது கருவி சொன்னதல்ல.

படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.
'தடைசெய்யப்பட்ட ஊக்கப்பொருள்: உண்டு.'
கையெழுத்து, தேதி.
மீந்ததை மூடி மறுபடி அரக்கு வைத்தேன்.
வெளி மேசையில் என் டம்ளர்
ஆடை கட்டிக் கிடந்தது.