பிஸ்கட் டின்னில் ஒரு சொல்

செவ்வாய் காலை அதிபர் கேட்டார்:
"மிஸ்டர் சூசி, ஒரு குழி வேண்டும். ஒன்றரை அடி.
ரோசாச் செடிக்கும் சைக்கிள் கொட்டிலுக்கும் நடுவில்."
என் பெயர் சூசை. பதினொரு வருசமாக
பிரெஸ்டன் நகரத்து இந்தக் கத்தோலிக்கப் பள்ளியில்
கொதிகலன், கூரை, வாந்தி, மின்குமிழ்
எல்லாம் என் பொறுப்பு.
குழி வெட்ட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
பத்து வயதில் ஆளுயரத்துக்கு வெட்டியிருக்கிறேன்.
அது விமானத்துக்குப் பயந்து.
இது ஒரு சொல்லுக்கு.

தவக்காலம் முடியும்வரை வாயில் எடுக்கக்கூடாத சொல்.
உங்களுக்குத் தெரியும்.
ஈஸ்டருக்கு இன்னும் ஏழு ஞாயிறு,
நானும் இங்கே எழுதமாட்டேன்.
இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதை
மஞ்சள் மட்டையில் எழுதி, மினுக்கம் தூவி,
இரண்டு எழுத்து மட்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரித் திரும்பி நிற்க,
ஷார்ட்பிரெட் டின்னுக்குள் மடித்து வைத்தார்கள்.
ஊர்வலம் வந்தது. முன்னால் சிடுபெம், கைமணியோடு.
மிசிஸ் டட்டர்சாலின் முழங்கையில் இன்னும் பான்கேக் மா.
மண் தள்ளி மூடியதும் ஒருவன் கேட்டான்:
"இனி அது எப்படி மூச்சுவிடும்?"
யாரும் சிரிக்கவில்லை.

புதன் முழுக்க நெற்றிகள்.
ஃபாதர் ஒகெசி பெருவிரலைச் சாம்பலில் தோய்த்துத் தோய்த்து
இருநூற்றுப் பத்துப் பேரையும்
மண் மண் என்று சொல்லிக்கொண்டே போனார்.
யதுசன் ஓடிவந்தான், தமிழில், ரகசியமாக:
"அங்கிள், எங்கட வீட்டில இது வெள்ளை.
குறுக்கால பூசுவம்."
மத்தியானம் கால்பந்து.
வியர்வையில் சிலுவைகள் இமைவரை இறங்கி
பள்ளிக்கூடமே அடுப்பூதிவிட்டு வந்ததுபோல் நின்றது.
கழிவறைத் துவாயை இரண்டு தரம் மாற்றினேன்.

திங்களை விட்டுவிட்டேன். ஒரு பல் விழுந்தது,
ஒரு கையுறை தொலைந்தது. அவ்வளவுதான்.

வியாழன் புத்தக நாள்.
மூன்று கடற்கொள்ளையர், ஒரு அகராதி,
கடதாசிப் பெட்டிக்குள் ஒரு ஆமை.
ரிபிள் ஆற்றுப் பக்கமிருந்து மழை வந்தது.
ஆமையின் ஓடு ஒன்பதரைக்குள் கூழாகிவிட்டது.
அந்துப்பூச்சிச் சிறகோடு மேவ் கிரிம்ஷா
யன்னலைவிட்டு அசையவில்லை.
என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்:
"டின்னுக்குள் தண்ணீர் போகுமா?"
"போகாது" என்றேன்.
மூடி தளர்ந்தது. எனக்குத் தெரியும்.

வெள்ளி, மீன் விரல்கள், பட்டாணி, பின் அமைதி.
நாலரை மணிக்கு மண்வெட்டியோடு போனேன்,
இரண்டு குப்பைப் பையும் ஒட்டுநாடாவும்.
மூடியைத் திறந்தால்
சொல்லுக்குப் பக்கத்தில்
டிஷ்யூவில் சுற்றிய அரைத்துண்டு சீஸ் பாண்.
ஒரு மூலையில் பல் பதிந்திருந்தது,
ஆசையை அடக்கியதின் அடையாளம்.
டிஷ்யூவில் பென்சிலால் கோணலாக:
"40 நாளைக்கு. சிக்கனமாய்ச் சாப்பிடு."

மழையில் குந்தியிருந்தேன், எவ்வளவு நேரமோ.
பாணை விட்டால் பூஞ்சணம் பிடிக்கும், எலி வரும்.
எடுத்தால் அது நாற்பது நாள் பட்டினி.
ஆசிரியர் அறைக்குப் போய்
உடைக்காத கிரீம் கிராக்கர் பாக்கெட் ஒன்றை
அலமாரியிலிருந்து எடுத்துவந்தேன்.
பிஸ்கட் டின்தானே அது, நியாயம்தான்.
பக்கத்தில் வைத்து, மூடி, இரண்டு பையில் கட்டி,
மண்ணைக் காலால் அமர்த்தினேன்.

பாணை நான் சாப்பிட்டேன்.
வெள்ளிக்கிழமை, இறைச்சியில்லை, குற்றமில்லை.
கொஞ்சம் மண் கடித்தது.

திங்கள் விசாரணை வரும்:
கம்பளத்தில் சேற்றுச் சப்பாத்து யாருடையது,
கிராக்கர் எங்கே.
வாயைத் திறக்கமாட்டேன்.
காலம் அப்படி.