ஏறும் வண்டி

பெரியாஸ்பத்திரி. இரவு ஒன்பது ஐம்பது.
பெயர்: பொங்கியம்மாள். ஊர்: கொட்டச்சேடு.
கூட வருபவர்: மகன், செவத்தான், வயது முப்பத்தொன்று.
மூவாயிரத்து இருநூறு சொல்லி
நானே முந்நூறு குறைத்தேன்.
மலைக்காரர்கள் பேரம் பேசுவதில்லை.

நான் சூசை. அமரர் ஊர்திக்கு முன்னால்
இரண்டரை வருடம் குருமடம், இலத்தீன்.
அடிக்கு ஆறு சீர்.
நெடில் எது, குறில் எது என்று
ஸ்கேலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பார்
தெயோபிலுஸ் சாமியார்.
குறிலும் நெடிலும் எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது, சாமி, என்றேன்.
அன்று ஒருநாள் சிரித்தார்.

ரோமாபுரிப் புலவர்கள்
வீரனைக் கீழேதான் அனுப்பினார்கள்.
ஒரு குகை, ஒரு நாய், கறுத்த ஆறு,
கூலிக்குத் துடுப்புப் போடும் கிழவன்.
ஆயிரம் வருடம் கழித்து வந்த துறவிகளுக்கும் அதே வழி.
காய்ச்சலில் மூன்று நாள் செத்தாற்போல் கிடந்து
நூல் அகலப் பாலமும் கொதிக்கும் ஏரியும் கண்டு
எழுந்தால் தோளில் ஒரு தீக்காயம்.
வேண்டுகிறவர்களுக்கு அதைத் திறந்து காட்டுவார்களாம்.
செத்தவரை மேலே ஏற்றிக்கொண்டு போனதாக மட்டும்
நான் படித்த தாள்களில் இல்லை.

அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம்.
பின்கண்ணாடியில் சேலம்
மஞ்சள் விளக்கில் எரிந்துகொண்டே சின்னதாகிறது.
சோதனைச்சாவடியில் டார்ச் அடித்தவர்
உள்ளே ஒருமுறை பார்த்தார்,
செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டையைத் தூக்கினார்.

ஆறாம் வளைவில் செவத்தான் வாந்தி எடுத்தான்.
இந்தச் சாலையிலேயே வளர்ந்தவன்.
"அம்மாகூட வந்தா வராதுங்க.
மடியில படுத்துக்குவேன்."

பதினொன்றாம் வளைவில்
ணிங் என்று ஒரு சத்தம்.

நெற்றிக்காசு.
வார்டு ஆயா சந்தனத்தில் ஒட்டிய ஒற்றை ரூபாய்,
காய்ந்து, கழன்று, உருண்டுவிட்டது.

ஓரம் கட்டினேன். பனிமூட்டம்.
இருவரும் முழங்காலிட்டு
செல்போன் வெளிச்சத்தில் தேடினோம்.
பஞ்சு. ஊசி மூடி. யாருடையதோ வளையல் துண்டு.
காசு இல்லை.

"காசு இல்லாமப் போனா
நடுவழியில நிறுத்திருவாங்களா?"
என்னைக் கேட்கிறான், வண்டிக்காரனை.
பதில் எனக்குத் தெரியும்.
இலத்தீனிலும் தெரியும்.
சொல்லவில்லை.

பையில் அவன் கொடுத்த நோட்டுகள்;
சில்லறையென்று டீக்கு வைத்திருந்த ஐந்து ரூபாய்.
பாட்டில் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு
அவள் நெற்றியில் வைத்து அழுத்தினேன்.
பாறை நிழல் போல ஒரு குளிர்ச்சி.
வாங்க வேண்டியவனே கொடுத்தான்.
"நாலு ரூபா மிச்சம் வருமே" என்றான் செவத்தான்.
சிரித்தானோ என்னவோ, இருட்டில் தெரியவில்லை.

பதினான்கில் மேலிருந்து ஒரு லாரி,
சில்வர் ஓக் மரங்கள் கழுத்துவரை.
வளைவில் ஒரு வண்டிக்குத்தான் இடம்.
மலையில் ஒரே சட்டம்:
இறங்குகிறவன் ஏறுகிறவனுக்கு வழிவிட வேண்டும்.
அத்தனை பாரத்தோடு அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கினான்.
கிளீனர் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தான்.
விளக்கைத் தாழ்த்தினார்கள்.
நாங்கள் மூவரும் கடந்து போனோம்.

கொட்டச்சேட்டில் காபி பூத்திருந்தது.
அந்த வாசத்துக்குள் பந்தம் பிடித்து நின்றார்கள்.
ஒரு கிழவர் எனக்குச் சுக்குத் தண்ணீர் கொடுத்தார்.
எதுவும் கேட்கவில்லை.

பதினாறு நாள் கழித்து வண்டி கழுவுகையில்
பின்கதவுத் தடத்தில் கிடைத்தது,
சந்தனம் ஒட்டிய ஒற்றை ரூபாய்.
செலவழிக்கக் கை வரவில்லை.
திருப்பிக் கொடுக்க ஆளும் இல்லை.
மாதா படத்துக்குக் கீழே, ஊதுபத்தி டப்பாவில் போட்டேன்.

இப்போதும் இரவில் வளைவு திரும்பும்போதெல்லாம்
டப்பாவுக்குள் அது தட்டுகிறது:
நெடில், குறில், குறில்.
நெடில், குறில், குறில்.